சாம்பல் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி

வாங்கிவிட்டேன். முப்பத்திரண்டு அங்குலம், 4கே மானிட்டர்!

ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணிக்கு எதற்கு இவ்வளவு பெரிய மானிட்டர் என்று கேட்பவர்களுக்கு... கார் ரேஸ் விளையாட. ஆமாம், கம்ப்யூட்டரில்தான். ஒரகடத்தில் குடியிருந்துகொண்டு, எங்கே கிளம்பினாலும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற எனக்கு, காலியான சாலையில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வேறு வழி என்ன இருக்கிறது?

பழைய மானிட்டர் இருபத்திரண்டு அங்குலம். எட்டு வருஷம் உழைத்தது. வாராவாரம் இந்தப் பத்தியில் நீங்கள் படித்த பாதிக் கட்டுரைகளை அதில்தான் எழுதினேன். ஆனால் தூரத்தில் வரும் வளைவு அதில் எனக்குத் தெரிவதற்குள் என் கார் சுவரில் முட்டி நிற்கும். என் கணவருக்கு வேறு மனக்குறை. அவர் லாரி தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தால் படம் பார்க்க வேண்டும். "இருட்டு சீன்ல யாரு யாரை அடிக்கிறான்னே தெரியல" என்பார்.

ஆக, வீட்டில் இரண்டு கட்சி. ரேஸுக்கு ரெஃப்ரெஷ் ரேட் முக்கியம். ஒரு நொடிக்குள் திரை எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு அது. அது குறைந்தால் ஓடுகிற கார் இழுபட்டதுபோல் தெரியும். சினிமாவுக்கு அளவும், திரையில் எத்தனை புள்ளிகள் என்கிற ரெசல்யூஷனும் முக்கியம். இரண்டும் ஒரே மானிட்டரில் வேண்டும் என்றால் விலையும் ஏறும், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கிராபிக்ஸ் கார்டும் மூச்சு வாங்கும்.

மூன்று வாரம் படித்தேன். ரிவ்யூ வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். மேஜையின் ஆழத்தை டேப் வைத்து அளந்தேன். நாற்காலிக்கும் திரைக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் இருந்தது. முப்பத்திரண்டு அங்குலம் தாராளமாக வைக்கலாம். அந்த அளவில் ரெசல்யூஷன் குறைவாக இருந்தால் எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். அதனால் 4கே. ரெஃப்ரெஷ் ரேட் நூற்று நாற்பத்து நான்கு. கார்டு திணறினால் கேமை மட்டும் கொஞ்சம் ரெசல்யூஷன் குறைத்து ஓட்டிக்கொள்ளலாம். தீர்ந்தது விஷயம்! நான் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சே கிடையாது.

ஒரே ஒரு பயம்தான். டெட் பிக்சல். திரையில் இருக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒன்று மட்டும் அணைந்தோ, ஒரே நிறத்தில் எரிந்துகொண்டோ இருக்கும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு படம் தெரியாது... அந்தப் புள்ளிதான் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கண்டுபிடித்தால் மாற்றித் தருவதற்கு ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

அதனால் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எஸ்தர் எங்கள் அபார்ட்மென்டின் கீழ்வீட்டுக்காரி. வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் வடக்குப்பட்டு. கார் டேஷ்போர்டில் பொருத்தும் திரைகளைச் செய்கிற தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷனில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். லைனின் கடைசி ஸ்டேஷன் அவளுடையது. ஒவ்வொரு திரையிலும் கறுப்பு, வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று வெற்று நிறங்களை ஓடவிட்டு, குறை தேடி, ஓகே போட்டு அனுப்ப வேண்டும். பக்கத்து லைன்காரர்கள்கூடச் சந்தேகமான பீஸை அவளிடம் கொண்டுவந்து காட்டுவார்களாம்.

"என் கண்ணத் தாண்டி ஒரு புள்ளி வெளிய போவாதுக்கா" என்பாள். பெருமையாகச் சொல்ல மாட்டாள். தன் பிளட் குரூப்பைச் சொல்வதுபோல் சொல்வாள்.

அன்று சனிக்கிழமை. அவளுக்கு முதல் ஷிப்ட். முடிந்ததும் என் ஸ்கூட்டரிலேயே ஸ்ரீபெரும்புதூருக்குப் போனோம். கணவர் வேலையிலிருந்து நேரே கடைக்கு வந்துவிட்டார்.

கடையில் வரிசையாக மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி, ஒரே அருவி. என் கணவர் கிளி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் கிளிய நம்பாதீங்கண்ணா" என்றாள் எஸ்தர். "கிளி எதுல போட்டாலும் அழகாத்தான் கீது. வெறும் கறுப்பு போடச் சொல்லுங்க. அப்பத் தெரியும் வண்டவாளம்."

பென் டிரைவில் ஆறு நிறப் படங்களை எடுத்து வந்திருந்தாள். நான் என் கேம் வீடியோ ஒன்றை வைத்திருந்தேன். கணவர் ஓர் இருட்டு சண்டைக்காட்சி. விற்பனையாளர் திருநெல்வேலிக்காரர், பொறுமைசாலி. மூன்றையும் சலிக்காமல் மாற்றி மாற்றிப் போட்டார்.

முதல் மானிட்டரில் கறுப்பு வந்ததும், நாலடி தள்ளி நின்றபடியே எஸ்தர் உதட்டைப் பிதுக்கினாள். "கீழ் மூலையில வெளிச்சம் ஒழுகுது பாரு. இருட்டு சீன்ல அண்ணனுக்கு அங்க நிலா காயும்." பார்த்தோம். ஒழுகத்தான் செய்தது. இரண்டாவது மானிட்டர் வளைந்த திரை. விளையாட நன்றாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்குப் பாதி முகம்தான் தெரிந்தது. வேண்டாம்.

மூன்றாவது நான் தீர்மானித்து வைத்திருந்தது. என் கார் வளைவில் வழுக்கிக்கொண்டு போனது. சக்கரத்துக்கு அடியில் தெறிக்கும் கல்கூடத் தெரிந்தது! கணவரின் இருட்டுச் சண்டையில் அடிக்கிறவன் யார், வாங்குகிறவன் யார் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு கட்சியும் கூட்டணி.

சீல் பிரிக்காத பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்கள். எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்பு. வெள்ளை. சாம்பல். கண் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, உழுவதுபோல் போனது. ஆறு நிறமும் முடிந்தது.

"ஓகேக்கா. சுத்தமா கீது. பில்லு போடச் சொல்லு."

திரை மறுபடி சாம்பலுக்கு வந்து நின்றிருந்தது. நான் சும்மா குனிந்து பார்த்தேன். என் மூக்கில் பல வருஷமாகக் கண்ணாடி உண்டு. வலது பக்கம், மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே... கடுகைவிடச் சின்னதாக, சிவப்பாக ஒன்று.

"எஸ்தர், இது என்ன?"

"எது?"

"இங்க பாரு. செவப்பா."

குனிந்தாள். பின்னால் நகர்ந்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி குனிந்தாள். "தூசிக்கா" என்றாள்.

விற்பனையாளர் துணியால் துடைத்தார். போகவில்லை. "தூசி இல்ல மேடம். பிக்சல்தான் போயிருக்கு. வேற பீஸ் எடுக்கேன்" என்று உள்ளே போனார்.

எஸ்தர் இப்போது திரையைப் பார்க்கவில்லை. என் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கேட்டாள்.

"உனக்குத் தெரிதாக்கா?"

"தெரியுதே."

"அண்ணனுக்கு?"

"நல்லாத் தெரியுதேம்மா" என்றார் என் கணவர், ஒன்றும் புரியாமல்.

புதுப் பெட்டி வந்தது. எஸ்தர் நாற்காலியை விட்டு எழுந்தாள். "நீயே பாருக்கா" என்று ஒதுங்கி நின்றுகொண்டாள். பார்த்தேன். ஆறு நிறத்திலும் ஒரு குறை இல்லை. மானிட்டரை ஆட்டோவில் ஏற்றிக் கணவரோடு அனுப்பிவிட்டு, எஸ்தரை எதிரே இருந்த ஜூஸ் கடைக்குக் கூட்டிப் போனேன்.

சாத்துக்குடி ஜூஸ் வந்த பிறகும் அவள் தொடவில்லை.

"மூணு மாசமாவே இப்படித்தான்க்கா. போன தள்ளி வெச்சுகினுதான் படிக்கறேன். லைன்ல ஸ்டூல பின்னால இழுத்துகினு உக்கார்றேன். ஓடி பாத்த அசதின்னு நெனச்சேன்."

ஓடி என்றால் ஓவர்டைம்.

"கம்பெனில கண்ணு டெஸ்ட் பண்ண மாட்டாங்களா?"

"தூரத்து போர்டு படிக்கச் சொல்வாங்க. அது நல்லாத்தான் தெரிது."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே எஸ்தர்?"

"இன்னான்னு சொல்றது? முன்னாடி ஒரு பொண்ணு கண்ணாடி போட்டுகினு வந்துச்சு. அடுத்த வாரமே பேக்கிங்ல போட்டாங்க. பேக்கிங்கு ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா நான் இன்ஸ்பெக்‌ஷன் எஸ்தரு, அக்கா. அங்க எல்லாருக்கும் அப்படித்தான் என்னத் தெரியும்."

எனக்கு எப்போதும்போல் உடனே ஒரு யோசனை தோன்றியது. வாரா வாரம் யோசனை சொல்லியே பழகிய வாயல்லவா? "இதுக்குப் போய் கவலைப்படுவாங்களா! நாற்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போவோம். கண்ணாடி வாங்குவோம். லைன்ல உட்கார்றப்ப மட்டும் போட்டுக்கோ. யாராவது கேட்டா தலைவலிக்குன்னு சொல்லு. முடிஞ்சுது!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே பாக்கறது சரிக்கா. இந்த மூணு மாசம் நான் ஓகே போட்டு அனுப்பினது?"

நான் ஸ்ட்ராவை எடுத்து என் ஜூஸைக் கலக்கினேன்.

"ரிவர்ஸ் எடுக்கறவன் அந்த ஸ்கிரீனத்தான் பாத்துகினு எடுப்பான்" என்றாள்.



திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் போனோம். கண்ணில் நோய் எதுவும் இல்லை, வயதுக்கு வருகிற மாற்றம்தான், பக்கத்தில் பார்ப்பதற்கு மட்டும் கண்ணாடி போதும் என்றார். கண்ணாடி தயாராக இரண்டு நாள் ஆகும் என்றார்கள். எஸ்தருக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். கண்ணாடி வரும்வரை லீவு போடு என்றேன். கேட்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து ஐடி கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். நேராகப் போய் சூப்பர்வைசரிடம் சீட்டை நீட்டிவிட்டாள்.

பிறகு அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். சூப்பர்வைசர் அவளைவிடப் பத்து வயது இளையவர். சீட்டை இரண்டு தடவை படித்தாராம். "நீங்களா சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேக்கா" என்றாராம்.

"அதான் சார் நானே சொல்றேன்."

அன்றே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். குடோனில் இருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்து மறுபடி சோதித்தார்கள். ஏற்கெனவே போய்விட்ட சரக்கு பற்றி, வாங்கிய கார் கம்பெனிக்கும் சொல்லி அங்கேயும் பார்க்க வைத்தார்கள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. குடோனில் இரண்டு பீஸில் புள்ளி இருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எஸ்தர் மேலே எங்கள் வீட்டுக்கு வந்தாள். புது மானிட்டரில் நான் ரேஸில் இருந்தேன். முதல் தடவையாக ஒரு சுற்றைச் சுவரில் இடிக்காமல் முடிக்கப் போகிற நேரம். அவள் முகத்தைப் பார்த்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ரெண்டு பீஸுல இருந்துச்சுக்கா" என்றாள். உட்கார்ந்து, காபி குடித்து, கிளம்பும்போது வாசலில் நின்று மறுபடியும், "ரெண்டு" என்றாள்.

எத்தனை ஆயிரம் பார்த்திருப்பாய், அதில் இரண்டுதானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. என் யோசனைக் கடைக்கு அன்று விடுமுறை.

மூன்று வாரம் பேக்கிங்கில் நின்றாள். கேன்டீனில் இரண்டு பேர் ஒரு மாதிரி பேசியிருக்கிறார்கள். ஒருத்தி, "வாய மூடிகினு கண்ணாடி மாட்டியிருக்கலாமில்ல?" என்று நேராகவே கேட்டிருக்கிறாள். நான் ஜூஸ் கடையில் சொன்ன அதே புத்திசாலித்தனம்!

நாலாவது வாரம் கம்பெனி டாக்டர் வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு எஸ்தருக்குப் பரீட்சை. நல்ல திரைகளோடு குறையுள்ளவற்றைக் கலந்து, எத்தனை என்று சொல்லாமல் முன்னால் அடுக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவர்கள் கலந்து வைத்த குறையுள்ள திரைகள் அத்தனையும் அவள் ஒதுக்கிய பக்கம் இருந்தன. கூடவே, நல்லது என்று அவர்கள் நினைத்து வைத்திருந்த ஒன்றும் இருந்தது. "இதுல ஓரத்துல கீறல் கீது சார்" என்றாளாம். டாக்டருக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இருந்தது.

போன புதன்கிழமையிலிருந்து எஸ்தர் தன் பழைய ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மேஜையை ஒட்டி. இனி இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் எல்லாருக்கும் பக்கத்துப் பார்வையும் சோதிப்பது என்று முடிவாகி, முதல் சோதனையும் நடந்துவிட்டது. மேலும் இரண்டு பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. இந்தத் தடவை யாரையும் பேக்கிங்குக்கு அனுப்பவில்லை.

"ரெண்டு பேரும் வந்து என்கிட்டதான் கேட்டாங்கக்கா... ஃபிரேமு எங்க வாங்கினன்னு!" என்று சிரித்தாள் எஸ்தர். எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அடுத்தவர் விஷயத்தில் எவ்வளவு லேசாக மறைக்கச் சொல்லிவிட்டேன்! இதைத்தான் சொல்லிவிட வேண்டும் என்று இந்த வாரம் உட்கார்ந்தேன்.

சரி, மானிட்டருக்கு வருகிறேன். பெரிய திரை வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்குங்கள் என்பேன். மேஜையை அளந்துகொள்ளுங்கள். உங்கள் கேமையும் உங்கள் படத்தையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கிளியை நம்பாதீர்கள். வெற்று நிறங்களைப் போடச் சொல்லுங்கள், அதுவும் கடையிலேயே.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கண்ணை ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் – அதற்கு மட்டும் எந்தக் கடையிலும் வேறு பீஸ் கிடைக்காது.