மச்சான் வைத்துப் போன பட்டறை

தெருவில் யாராவது வந்து விலாசம் கேட்டால், "பட்டறைக்காரர் வீடா? மாவு மில் தாண்டி, பச்சைக் கதவு" என்பார்கள். பச்சைக் கதவைத் தட்டினால் காக்கிச் சட்டையும் தோளில் தோல் பையுமாக ஒரு பஸ் கண்டக்டர் எட்டிப் பார்ப்பார். ஆண்டவன் அறிய, அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு திருகாணியைக்கூட முழுசாக முடுக்கியதில்லை. ஆனாலும் அந்தப் பேர் அவர்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. பட்டறை அவருடையது இல்லை, மச்சானுடையது.

மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். ஃபிட்டர், தச்சு வேலையும் தெரிந்தவர். கண்டக்டரின் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் மச்சானுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, தன் பட்டறைச் சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தங்கை வீட்டில் இறக்கினார். அங்கே இருந்ததே ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அந்த அறையின் சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஆணி அறைந்து, எது எங்கே தொங்க வேண்டுமோ அதன் உருவத்தை அந்த இடத்தில் கறுப்புப் பெயிண்டால் வரைந்து மாட்டினார். பொழுது சாய்ந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "எல்லாம் நீங்க பாத்துக்கங்க, மாப்ள" என்றார்.

கண்டக்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் மாட்டிக்கொண்டார்.

அடுத்தவர் பொருள் என்றால் அவருக்கு நெருப்பு மாதிரி. பஸ்ஸில் யாராவது குடையை விட்டுப் போனால், மழை கொட்டினாலும் அதை விரிக்காமல் நனைந்துகொண்டே போய் டிப்போவில் ஒப்படைக்கிற ஆள். அப்படிப்பட்டவரிடம் ஒரு அறை நிறையச் சாமானை விட்டால் என்ன ஆகும்? குடும்பம் கூடத்தில் படுத்தது. மகள் கூடத்திலேயே படித்தாள், கூடத்திலேயே வளர்ந்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். அறையில் சுத்தியலும் ரம்பமும் சௌகரியமாகக் குடியிருந்தன. ஓய்வு நாளில் கண்டக்டர் கதவைத் திறந்து, ஒவ்வொன்றாக இறக்கி, துணியால் துடைத்து, எண்ணெய் போட்டு, அதனதன் உருவத்தின் மேலேயே திரும்ப மாட்டுவார்.

அவருக்கு அவற்றின்மேல் வெறுப்பு வரவில்லை. வந்திருந்தால் தப்பித்திருப்பார். மரம் இழைக்கிற இழைப்புளியின் அடிவயிறு அப்படி ஒரு வழவழப்பு. உளிகள் சின்னதிலிருந்து பெரிசுவரை பள்ளிப் பிள்ளைகள்போல வரிசை கட்டி நிற்கும். ரசமட்டத்தை மேசைமேல் வைத்து, உள்ளே இருக்கிற குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நாளெல்லாம் குலுங்குகிற பஸ்ஸில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, ஆடாமல் நிற்கிற அந்தக் குமிழி பெரிய ஆறுதல்.

மச்சான் ஏதோ ஒரு துறைமுக ஊரில் குடும்பமாகிவிட்டார். வருகிறேன் வருகிறேன் என்பதோடு சரி. எப்போதாவது போன் பண்ணுவார். இரைச்சலில் பாதி கேட்காது. "சாமான் எல்லாம் பத்திரமா இருக்கு மச்சான்" என்று இவர் கத்துவார். "நல்லது மாப்ள. சரி, பாத்துக்கங்க" என்று சொல்லி அவர் வைத்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் பேச்சு அந்த வார்த்தையில்தான் முடியும். புதுசாக ஒரு பூட்டுப் போட்டது மாதிரி இருக்கும் இவருக்கு.

ஒரு நாள் சமையல்கட்டுக் குழாய் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குழாய் ரிப்பேர்க்காரன் ஓடி வந்தான்.

"அண்ணே, அவசரத்துல பெரிய ரெஞ்ச கொண்டு வரல. உங்ககிட்டதான் கடை கணக்கா தொங்குதே, அத எடுங்க."

"அது மச்சானோடது, தம்பி."

"மச்சான் இப்ப எங்க?"

"கப்பல்ல."

"அவரு வந்து சம்மதம் சொல்றதுக்குள்ள உங்க வீட்டுக்குள்ளயே கப்பல் விடலாம்ணே!"

மனைவி குடத்தைக் குழாய்க்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே, "நீ ஓடிப்போய் உன்னோடத எடுத்துட்டு வாப்பா. அதத் தொட்டா இந்த மனுஷனுக்குக் காய்ச்சல் வந்துடும்" என்றாள்.

இப்படிச் சிரித்துச் சிரித்தே காலம் போயிருக்கும். அதற்குள் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு அவள் போனில் அழுதாள். "அம்மா, ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கம்மா. எனக்கு முடியல." அவள் இருக்கிற ஊர் டிப்போவில் ஒரு கண்டக்டர் இடம் காலியாக இருந்தது. குடியிருக்க வீடும் உண்டு, ஒரே அறை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார் இங்கே டிப்போ மேலாளர்.

"நம்ம ரெண்டு பேருக்கு ஒரு ரூம் போதாதா?" என்றாள் மனைவி.

"பட்டறைய என்ன பண்றது?"

"அதையும் மடியில வச்சுக்கிட்டு வாங்க."

அவள் அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, நான் பேரப்பிள்ளைங்க மூஞ்சியப் பாக்கணும்னா நீ ஒரு தடவ வந்து உன் சாமான எடுத்துட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு அழுதாள். தங்கை அழுத பிறகு எந்த அண்ணன் சும்மா இருப்பான்? புறப்பட்டு வந்துவிட்டார்.

தலை நரைத்து, மூக்குக்கண்ணாடியோடு வந்த மச்சானைக் கண்டக்டர் அறைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டார். தேர்வு எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளைமாதிரி நின்றார்.

"ஏன் மாப்ள, அத்தனையும் அப்படியேவா இன்னும் இருக்கு?"

"ஒன்னுகூடக் குறையல மச்சான்."

மச்சான் ஒரு அரத்தை எடுத்தார். விரல் வழுக்கியது. "அரத்துக்கு எண்ணெயா போட்டீங்க? அப்புறம் அது எப்படி இரும்பப் புடிக்கும்? வழுக்கிட்டுல்ல போகும்!"

"துருப் புடிச்சுடக் கூடாதுன்னு..."

"யாரு போடச் சொன்னா?"

"நீங்கதான். எல்லாம் பாத்துக்கங்கன்னு சொன்னீங்களே."

மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். "மாப்ள, பாத்துக்கங்கன்னா, நீங்களே பாத்து ஏதாவது செஞ்சுக்கங்கன்னு அர்த்தம். வித்துக்கங்க, யாருக்காவது குடுங்க, வீட்டு வேலைக்கு வச்சுக்கங்கன்னு சொன்னேன். காவலுக்கா இருக்கச் சொன்னேன்?"

"போன்லகூட ஒவ்வொரு தடவையும் அதத்தான சொன்னீங்க?"

"அட, போன வைக்கும்போது எல்லாரும் சொல்றதுதான மாப்ள அது!"

நிலைப்படியில் நின்ற மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்டக்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. அவருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மச்சான் வேகமான ஆள். அன்று சாயங்காலமே குழாய் ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, உனக்கு என்னென்ன வேணுமோ எடுத்துக்க. மிச்சத்த நாளைக்கு ஆள் வச்சு அனுப்பிடலாம்." அவனுக்கு வாயெல்லாம் பல். நேராகப் போய்ப் பெரிய ரெஞ்சைக் கழற்றினான். சுவரில் அதன் கறுப்பு உருவம் மட்டும் நின்றது.

"வைடா கீழ!"

அது தன் குரல் என்றே கண்டக்டருக்குத் தெரியவில்லை. நெரிசலில் பிதுங்குகிற பஸ்ஸில்கூட யாரையும் அதட்டாதவர். ரிப்பேர்க்காரன் ரெஞ்சும் கையுமாகப் பின்வாங்கினான். கண்டக்டர் அந்த வெற்று உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் விழுந்த ஓட்டையை நாக்கு தேடுகிறமாதிரி அவர் கண் அங்கேயே போய்ப் போய் நின்றது.

மச்சான்தான் அவன் கையிலிருந்து ரெஞ்சை மெதுவாக வாங்கித் திரும்ப மாட்டினார். "நீ போப்பா. தப்பு என்மேலதான். என்னோடதுன்னு நெனச்சுக் குடுத்துட்டேன். இது மாப்ளயோடது."

கண்டக்டர் கை நீட்டி, ரெஞ்சை அதன் உருவத்தின்மேல் நேராக்கினார். அடுத்தவன் பொருள் என்றால், என்றைக்காவது உடையவன் வந்து வாங்கிக்கொண்டு நம்மை விட்டுவிடுவான். தன் பொருளை யாரிடம் ஒப்படைப்பது?

இருட்டியதும் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இனிமே உங்கள யாரும் கட்டி வைக்கல. வாங்க, போயிடலாம்" என்றாள். கோபமே இல்லாத குரல். கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை கிளம்பியிருப்பார்.

"நீ முன்னாடி போ. நான் இதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வரேன்."

"என்ன வழி?"

அவர் எண்ணெய்த் துணியை எடுத்து மடித்தார். அவள் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, அண்ணனும் தங்கையுமாக டிப்போவில் மகள் ஊருக்குப் போகும் பஸ் ஏறினார்கள். அது புறப்படுவதற்குள் கண்டக்டர் மேலாளர் அறைக்குப் போனார். போகிறபோது மனசில், ஆண்டவனே, என் வாயில் சரி என்ற வார்த்தையை வை என்று வேண்டிக்கொண்டுதான் போனார்.

"என்னய்யா, போறியா?" என்றார் மேலாளர்.

"இப்ப வேணாம் சார்."

"இந்த இடம் அப்புறம் கெடைக்காது. யோசிச்சுத்தான் சொல்றியா?"

"வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்."

திரும்பி வந்து பஸ் ஜன்னலோரம் நின்றார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள்.

"நீயே வச்சுக்கயேன். வரும்போது வேணும்ல?" என்றார்.

"அங்க எனக்கு எதுக்கு? நேரத்துக்குச் சாப்பிடுங்க."

பஸ் நகர்ந்தது. மச்சான் ஏதோ சொன்னார், இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கண்டக்டர் சட்டைப்பையில் இருந்த தன் சாவியோடு அவள் சாவியையும் போட்டுக்கொண்டார். எதிர் வரிசையில் அவருடைய பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஏறுங்கண்ணே, நேரமாச்சு!"

அவர் போய் ஏறிக்கொண்டார்.