இரண்டாவது கால்குலேட்டர்

மலேசியாவின் கோப்பெங் ஊரில் பிரமிளாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தால், அது இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அதே வியாதி உண்டு. இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் பத்து வருஷமாகக் கூட்டாளிகளாக இருந்திருக்க முடியாது. நான் மர்ஜானா. பெரிய சாலையில் ஹேண்ட்போன் கடை வைத்திருக்கிறேன். பிரமிளா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள்.

அவள் பிறந்தது ஊருக்கு வெளியே, ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். அங்கே இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாதாம். பக்கத்து வீட்டில் யார் அழுதாலும், யாரை யார் திட்டினாலும் இந்த வீட்டில் கேட்கும். "எங்களுக்கு டிவியே தேவப்படலக்கா" என்பாள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது தோட்டத்து முதலாளி நிலத்தை விற்றுவிட, அங்கே புது வீடுகள் கட்டிவிட்டார்கள். குடும்பம் ஊருக்குள் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்தது. கல் வீடு, முழுச்சுவர். எதுவுமே காதில் விழாததால் முதல் மாதம் அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம். அப்புறம் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எட்டு வருஷம், ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் வேலை. கல்யாணமானது யுகேந்திரனோடு. அவர் சித்தியவான் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். மகள் தினேஸ்வரி கைக்குழந்தையாக இருக்கும்போது பிரமிளா தொழிற்சாலையை விட்டுவிட்டு வேன் வாங்கினாள்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவள். பிள்ளைகள் வேனில் ஏறிவிட்டால் ஓட்டுகிற ஆள் ஒருத்தி இருப்பதையே மறந்துவிடுவார்கள். யார் வீட்டில் சண்டை, எந்த ஆசிரியைக்குக் கல்யாணம், யார் பரீட்சைத் தாளை ஒளித்து வைத்திருக்கிறான், எல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும். காதுக்கு வந்தது அவளோடு நிற்காது. சாயங்காலம் என் கடைக்கு வந்து பால் சேர்க்காத ஐஸ் டீ, ஒரு தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டே முழுச் செய்தியும் வாசித்துவிட்டுப் போவாள். நானும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

தினேஸ்வரிக்கு வேனில் முன் சீட்டு. ஒன்றாம் ஆண்டிலிருந்து அதுதான் அவள் இடம். இந்த வருஷம் இடைநிலைப் பள்ளிக்கு, ஃபாரம் ஒன் போனாள். போய் இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, கதவைத் திறந்து ஏறியவள் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. வீட்டில் அறைக் கதவு சாத்தியிருக்க ஆரம்பித்தது. பிரமிளா அதட்டிக் கேட்டதற்கு, "சும்மாதான்மா" என்று பதில் வந்தது. ஊர்ப் பிள்ளைகளின் கதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவளுக்குச் சொந்த மகள் ஏன் நாலு வரிசை பின்னால் போனாள் என்று தெரியவில்லை. அது அவளைச் சாப்பிட விடவில்லை.

ஒரு நாள் மகளின் போனோடு கடைக்கு வந்தாள். கண்ணாடி ஸ்டிக்கர் மாற்றுவதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தாள்.

"அக்கா, பிள்ளைங்க போன பாத்துக்கிற ஆப் இருக்காமே. எது நல்லது?"

நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒன்று இத்தனை மணிக்கு மேல் போனைப் பூட்டிவிடும். ஒன்று கெட்ட படங்களை வரவிடாது. ஒன்று பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று வரைபடத்தில் காட்டும்.

"எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியும்லா. நான்தானே ஏத்தி எறக்குறேன்" என்றாள். "உள்ள என்ன ஓடுதுன்னு காட்டுறது இருக்கா?"

இருந்தது. அது பிள்ளை எழுதுவதையெல்லாம் வாசிக்கும். ஆபத்தான சொல் வந்தால் தாயின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். இலவசமாக வைத்துக்கொண்டால் முதல் இரண்டு சொல்லைத்தான் காட்டும். முழுதும் பார்க்க மாதாமாதம் காசு கட்ட வேண்டும். பிரமிளா கேள்விமேல் கேள்வி கேட்டாள். அழித்துவிட்டால் தெரியுமா? குரலில் பேசி அனுப்பினால்? அவள் சிரித்தாளா, எரிச்சலில் எழுதினாளா என்று காட்டுமா? அந்த ஆப்பைச் செய்தவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

"அதுக்குத் தமிழ் தெரியுமா அக்கா?"

"மலாய், இங்கிலீஷ், சீனம். தமிழ் தெரியாது. ஆனா பிள்ளைங்க எல்லாத்தையும் கலந்துதானே எழுதுதுங்க, ஏதாச்சும் சிக்கும்" என்றேன். "பிரமிளா, சொல்லிட்டு வை. அதான் மொற."

"சொன்னா உஷாராயிடுவாக்கா."

நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசி வரிசையின் ரகசியம் எனக்கும் வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. ஆப்பை ஏற்றி, அதன் அடையாளப் படத்தைக் கால்குலேட்டர் மாதிரி மாற்றி வைத்தேன். கண்ணாடி ஸ்டிக்கரையும் புதிதாக ஒட்டினேன், சொன்னது முழுப் பொய்யாகிவிடக் கூடாது என்று.

மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு தடவை, கணக்கு வாத்தியாரைப் பைத்தியம் என்று மலாயில் எழுதியதற்கு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. "ரொம்ப நல்ல பிள்ளையா இருக்காளேக்கா" என்றாள் பிரமிளா, ஏமாந்துபோன குரலில்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மூன்றரைக்கு அவள் தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்க வேண்டும், புறப்பாட நடவடிக்கை முடிந்து பதினோரு பிள்ளைகள் காத்திருப்பார்கள். அதற்கு முன்னால் வழக்கம்போலக் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். போன் அலறியது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே என்னிடம் நீட்டினாள்.

சிவப்புப் பட்டையில் மலாயில் எழுதியிருந்தது: எச்சரிக்கை, வகை மரணம். கீழே தினேஸ்வரி எழுதியதில் முதல் இரண்டு சொல்: amma mati. அதற்கு மேல் மூன்று புள்ளி.

மலாயில் மாத்தி என்றால் சாவு. அம்மா சாவு. அல்லது, அம்மா செத்தால். எனக்கும் அப்படித்தான் வாசிக்க வந்தது. மேசைமேல் ரிப்பேருக்கு வந்த ஒருவருடைய போன் திறந்தபடி கிடக்க, அப்படியே போட்டுவிட்டுக் கதவை இழுத்து மூடினேன். வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போக எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷமும் பிரமிளா பேசிக்கொண்டே வந்தாள்.

"நேத்து தலைய ஒழுங்கா பின்னலன்னு கத்துனேன். போன வாரம் அவ கூட்டாளிங்க முன்னாடி மார்க்கக் கேட்டுட்டேன். அதுக்காக நான் செத்தா தேவலன்னு நெனப்பாளாக்கா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன்.

தினேஸ்வரி கூடத்தில் மெகி மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்க உள்ளே வந்து நிற்பதைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாகப் பிரமிளாவுக்குப் பேச்சு வராமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். போனை மட்டும் நீட்டினாள்.

தினேஸ்வரி வாசித்தாள். புருவத்தைச் சுருக்கினாள். பிறகு பக்கென்று சிரித்துவிட்டாள்.

"இது மாத்தி இல்லம்மா. மாட்டி. அம்மா மாட்டிக்கிட்டாங்கன்னு பிரிச்சி எழுதுனேன்."

பிறந்ததிலிருந்து தமிழும் மலாயும் வாயில் வைத்திருக்கிற நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். பிள்ளைகள் தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்கள் என்று தெரியாதா எங்களுக்கு? நானே என் தங்கைக்கு அப்படித்தான் எழுதுகிறேன். சிவப்புப் பட்டையில் மரணம் என்று ஒரு வார்த்தையைப் பார்த்ததும் தமிழே மறந்துவிட்டது.

"எப்படி கண்டுபிடிச்ச?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு கால்குலேட்டர் இருந்திச்சி ஆன்ட்டி. ஒண்ணு கணக்குப் போடுது. இன்னொண்ணு பாஸ்வர்ட் கேக்குது. கணக்குப் போட எதுக்கு பாஸ்வர்ட்?" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தேன்.

பிரமிளா நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிக்கவும் வருகிறது, அழவும் வருகிறது அவளுக்கு. "நான் என்னமோ நெனச்சி பயந்துட்டேன்டி. நீ என்னயச் சாகச் சொல்றேன்னு..."

தினேஸ்வரியின் சிரிப்பு நின்றது.

"நான் அப்படி சொல்லுவேன்னு நெனச்சீங்களா?"

ஒளிந்து பார்த்ததற்கு அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. இதற்குத்தான் அவள் கண் கலங்கியது. பிரமிளா ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நெனச்சேன்" என்றாள் பிரமிளா. "எட்டு நிமிஷம் நெனச்சேன்."

தினேஸ்வரி மெகி மீ கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு தன் போனைத் திறந்து அம்மாவின் மடியில் வைத்தாள். "மிச்சத்தயும் படிங்க."

இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிற தமிழைப் பிரமிளா தடவித் தடவித்தான் வாசிப்பாள், அதுவும் வாய்விட்டு. அதனால் எனக்கும் கேட்டது. கடைசி வரிசையில் உட்காருகிற மூன்று பிள்ளைகளுக்கு தினேஸ்வரி எழுதியிருந்தது இதுதான்:

"அம்மா மாட்டிக்கிட்டாங்க. பாவம்லா. நான் கண்டுபிடிச்சத யாரும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. வெக்கமா போயிடும் அவங்களுக்கு."

பிரமிளா அதை இரண்டாவது தடவை வாசித்தாள், இந்தத் தடவை சத்தமில்லாமல். மேலே அந்தப் பிள்ளைகள் பேசிக்கொண்ட பழைய செய்திகள் நிறைய இருந்தன. ஒரு விரல் தள்ளினால் போதும், கடைசி வரிசையின் முழுக் கதையும் வந்துவிடும். அவள் கட்டைவிரல் கண்ணாடிமேல் நின்றதைப் பார்த்தேன். தள்ளு, தள்ளு என்று என் மனது கிடந்து அடித்துக்கொண்டது. அவள் போனைக் கவிழ்த்து மகளிடம் கொடுத்துவிட்டாள்.

"மூணு இருபத்தஞ்சி ஆச்சிம்மா. வேன்" என்றாள் தினேஸ்வரி. "நானும் வாரேன்."

வாசலில் வேனின் முன்கதவைத் திறந்து நான் ஒரு காலை வைத்துவிட்டேன். பக்கத்தில் தினேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மண்டையில் ஏற ஒரு நொடி பிடித்தது. காலை எடுத்துக்கொண்டு பின்னால் போய் ஏறினேன்.

முதல் சந்திப்பில் சிவப்பு விளக்கு. பிரமிளா முன்கண்ணாடி வழியாகப் பார்க்காமல் பக்கத்தில் திரும்பி, மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அதட்டவில்லை.

"ஏன்மா பின்னால போய் உக்காந்த?"

தினேஸ்வரி வாயைத் திறந்தாள். நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி கேட்டுக்கிட்டு இருக்காங்க. வீட்ல சொல்றேன்."

விளக்கு பச்சையானது.

அன்று இரவே சொல்லிவிட்டாளாம். அதுவரைக்கும் தெரியும், பிரமிளாவே சொன்னாள். மறுநாள் போனைக் கொண்டுவந்து இரண்டாவது கால்குலேட்டரை அழித்துக்கொண்டும் போனார்கள். தினேஸ்வரி சில நாள் முன்னால் உட்காருகிறாள், சில நாள் பின்னால். பிரமிளா இன்னும் சாயங்காலம் வந்து தே ஓ ஐஸ் குடிக்கிறாள், ஊர்க் கதை பேசுகிறாள். முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான். கடைசி வரிசைக்கு என்ன காரணம் என்று நான் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"அது அவ விஷயம்க்கா" என்கிறாள்.