நாகலெட்சுமியின் பந்தல் வாழை

உலகத்திலேயே கண்கொண்டு பார்க்க முடியாத காட்சி எதுவென்று கடலாடிப் பக்கத்து நாகலெட்சுமியைக் கேட்டால், யோசிக்காமல் சொல்லுவாள்: வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூங்கோதையின் வாழைத்தோட்டம்.

பூங்கோதை அவளுக்கு ஓர்ப்படி, கொழுந்தன் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது ஒரே நிலத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். மண்ணும் ஒன்று, கிணறும் ஒன்று. ஆனால் பூங்கோதை எங்கோ விசாரித்து ஒட்டுரகக் கறிவாழைக் கன்று வாங்கி வைத்தாள். தாருக்குப் பத்துச் சீப்பு. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தும் மரம் சாய்ந்தது. நாகலெட்சுமியின் நாட்டு மொந்தன் ஐந்து சீப்போடு நின்றுகொண்டது.

"ஒட்டுக்காய் வேகவே வேகாது" என்று ஊரெல்லாம் சொன்னாள். ஆனால் சந்தையில் ரெண்டு காய் வாங்கி வறுத்துத் தின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சல் இன்னும் கூடிப்போனது.

மகள் சத்யப்பிரியாவுக்குப் பூ வைக்க வந்தார்கள். படிப்பு முடிந்து அடுத்த வருஷம் கல்யாணம். சம்பந்திகள் முன்னால், பூங்கோதை காதில் விழும்படியாகவே நாகலெட்சுமி சொன்னாள்: "எம்மக பந்தல்ல எந்தோட்டத்து வாழைதேன் நிக்கும்!"

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. அதே ஒட்டுக்கன்றை வாங்கி நட்டாள். கடற்கரையோர மாரியூரிலிருந்து பூங்கோதை தோட்டத்துக்கு மீன்கழிவு மூட்டை வருவதைப் பார்த்தாள். அதுதான் சூட்சுமம் என்று முடிவு கட்டினாள்.

"அதை எப்படிப் போடுறதுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கவேன்" என்றார் அவள் புருஷன் தவசி.

"நான் போயி அவகிட்டக் கேக்கவா? மரம் பட்டாலும் சரி, கேக்க மாட்டேன்."

மரம் பட்டுத்தான் போனது. பூங்கோதை வாங்கியது பச்சை மீன்கழிவு. வெல்லம் போட்டு ஊறவைத்து, தண்ணீரில் கலந்து கொஞ்சமாக விட்டாள். நாகலெட்சுமி கருவாடு காயப்போடும் இடத்தில் கூட்டி அள்ளியதை, உப்போடு உப்பாக, மூட்டை மூட்டையாகத் தூரில் கொட்டினாள். அவளைவிட நாம் ஒரு மூட்டை கூடப் போட வேண்டும் என்ற வீம்பு வேறு. இலையெல்லாம் ஓரம் கருகியது. ஒரு மரம்கூடக் குலை தள்ளவில்லை. அந்த உப்பு, பக்கத்திலேயே நின்ற மொந்தனையும் சேர்த்துக் கொண்டுபோனது.

பந்தல் போடும் நாள் காலையில் வாசல் மொட்டையாக நின்றது. சம்பந்தி வீட்டார் வந்து கேட்டால் என்ன சொல்வது? நாகலெட்சுமிக்குச் சாணி தெளிக்கக் கை ஓடவில்லை.

அப்போது டிராக்டர் வந்து நின்றது. தாரும் பூவுமாக ரெண்டு மரங்களை இறக்கினாள் பூங்கோதை.

"கட்டச் சொல்லுங்கக்கா. வெயில் ஏறுதுல்ல."

வேண்டாம் என்று சொல்ல நாகலெட்சுமி வாயெடுத்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். கயிற்றை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் சம்பந்தியம்மாள் தாரைத் தொட்டுப் பார்த்து அசந்துபோனாள். "யாத்தி, இம்புட்டுப் பெரிசா! யாரு தோட்டத்து வாழை?"

நாகலெட்சுமி வாயைத் திறப்பதற்குள் பூங்கோதை முந்திக்கொண்டாள்.

"எங்க அக்கா தோட்டத்து வாழைதேன்."

சபதம் நிறைவேறிவிட்டது. நாகலெட்சுமிக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாழையில் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனசிலுமா இவள் பெரியவளாக இருக்க வேண்டும்?

பந்தியில் பூங்கோதைக்கு அவளே நின்று பரிமாறினாள். கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் ரெண்டு ரெண்டு கரண்டி. அப்பளம் மட்டும் தட்டு முழுக்கத் தேடி உடைந்ததாகப் பார்த்து வைத்தாள்.