கெடார் கொல்லையில் எண்ணெய்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை காபியை வாயில் வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. விழுப்புரம் பக்கத்துக் கெடாரிலிருந்து என் தங்கை மல்லிகாவின் கணவர் ஏழுமலை.

"மச்சான், உடனே கெளம்பி வாங்க. நம்ம கொல்லைக் கிணத்துல பெட்ரோல் வருது."

ஏழுமலை பொய் சொல்கிறவர் அல்ல. நம்புகிறவர். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் சாமி வாக்கு மாதிரி நம்புவார்.

"பெட்ரோலா, டீசலா?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அது இன்னும் தெரில மச்சான். வாசனையப் பாத்தா டீசலு மாதிரி இருக்குது."

சமாச்சாரம் இதுதான். ஏழுமலைக்கு ரோட்டோரம் ஒரு கொல்லை, அதாவது மேட்டு நிலம். அதில் வருஷா வருஷம் மல்லாட்டை போடுவார்கள், எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். போடுவார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்... விதைப்பது, களை எடுப்பது, பன்றி விரட்டுவது, ஆய்வது எல்லாம் என் தங்கைதான். தண்ணீர் வற்றிப்போய் இரண்டு வருடமாகச் சும்மா கிடந்தது. ஏழுமலை அதை மனை போடுகிற ஒருவருக்கு விற்றுவிட்டு, விழுப்புரத்தில் இரண்டு வாடகை வீடு கட்டிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார முடிவு செய்துவிட்டார். மனைக்காரர், "கெணத்தத் தூர் வாரி வையுங்க சார், தண்ணி இருக்குதுன்னா மனை ஜல்தியாப் போவும்" என்று சொல்லியிருக்கிறார். தூர் வார கிரேன் வைத்தார்கள். அடிச் சேற்றை அள்ளியதும் ஊறிய தண்ணீரில் வானவில் மாதிரி கலர் கலராய் ஒரு படலம்.

அன்றைக்கு என் வீட்டில் சத்தார் பாய் இருந்தார். கோட்டக்குப்பத்து நண்பர். மகள் நிக்காஹுக்குப் பத்திரிகை வைக்க வந்தவர். பல வருடம் வளைகுடாவில், ஆயில் கம்பெனி வேலை. அப்படிப்பட்ட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிப்பானேன்? அவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன்.

கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. ஏழுமலை பெருமையாக ஒரு கருகிய துணியைக் காட்டினார்.

"துணிய அந்தத் தண்ணியில முக்கி, காய வெச்சி, தீக்குச்சி கொளுத்தினேன் மச்சான். என்னமா எரிஞ்சிது பாருங்க."

காய்ந்த துணி எரியாமல் வேறென்ன செய்யும்?

நான் சத்தார் பாயை அறிமுகப்படுத்தினேன். வளைகுடா, ஆயில் கம்பெனி என்றதும் கூட்டம் விலகி வழி விட்டது. பாய் கிணற்றை எட்டிப் பார்த்தார், முகர்ந்தார், திரும்பி வந்தார். தீர்ப்புக்காக எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நான் அங்க ஏசி மெக்கானிக்கு. ஆபீசர்ங்க ரூமு குளுகுளுன்னு இருக்கணும், அதான் என் வேல. கச்சா எண்ணெயக் கண்ணால கூடப் பாத்தது இல்ல" என்றார்.

யாரும் நம்பவில்லை. தொழில் ரகசியம், சொல்ல மாட்டேன் என்கிறார் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஏழுமலை என்னைத் தனியே இழுத்துப் போனார். "நீங்க பேப்பர்ல எழுதுறீங்க இல்ல? கெடார்ல எண்ணெய்னு ஒரு வரி போடுங்க மச்சான். வெள்ளிக்கெழம மனைக்காரர் பார்ட்டிய கூட்டிக்கினு வராரு. ரேட்ட ஏத்திடலாம்."

நான் வரி எதுவும் போடவில்லை. திண்டிவனத்தில் இருக்கும் ஒரு நண்பருக்கு போன் போட்டேன். நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்தார்.

"கெடார் பக்கமெல்லாம் அடியில கருங்கல்லுங்க. அந்தப் பாறையில எண்ணெய் எங்கேருந்து வரும்? வளவனூரத் தாண்டி கடல் பக்கம் போனா படிவுப் பாறை. திருவக்கரையில மரம் கல்லாக் கெடக்குது பாருங்க, அந்த மாதிரி பூமி. அங்க இருந்தா இருக்கலாம். இருந்தாலும் தோண்டிப் பாத்தாதான் தெரியும். தோண்டினாலும் பல எடத்துல வெறும் ஓட்டதான் மிஞ்சும். எண்ணெயே வந்தாலும் எடுக்கிற செலவு கட்டுப்படி ஆவணும்."

இந்த தேசத்தின் எண்ணெய்க் கதை மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டது. அஸ்ஸாமில் கொஞ்சம், ராஜஸ்தானில் கொஞ்சம், மும்பைக் கடலில் கொஞ்சம், நம் நாகப்பட்டினம் பக்கம் கொஞ்சம். மீதியெல்லாம் கப்பலில் வருகிறது. இருக்கலாம், இருக்கும், தேடுகிறோம்... ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தை பிறக்கட்டும் என்று காத்திருக்கும் பெண் வீட்டார் மாதிரிதான் நாமும்.

விஷயத்தை ஏழுமலையிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். பின்னால் மல்லிகா நின்றிருந்தாள்.

"ண்ணா, வெள்ளிக்கெழம வரைக்கும் அவருகிட்ட ஒண்ணும் சொல்லாத."

"ஏன்? அது எண்ணெய்க் கிணறு இல்லம்மா."

"அது எனக்குத் தெரியாதா? கெணத்துப் படியில எங்க மாமனாரு ஆயில் இன்ஜினு வெச்சிருந்தாரு. நான் கல்யாணம் ஆயி வந்த புதுசுல நான்தான் தெனம் டீசலு ஊத்துவேன். நான் ஊத்தறது பாதி, அது ஒழுவறது பாதி. கரண்டு மோட்டாரு வந்தப்புறம்தான் அதக் காயலாங்கடையில போட்டோம். அந்த டீசலுதான் சேத்துல கெடந்துட்டு இப்ப மெதக்குது."

"அப்போ அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவள் கொல்லையைப் பார்த்தாள். "இந்தக் கொல்லை இருக்கிறதாலதாண்ணா எனக்கு இந்த ஊர்ல ஒரு பேரு. வித்துட்டா நான் மாசம் பொறந்தா வாடகை வாங்கப் போய் நிக்கிற பொம்பள. எனக்கு அது வேணாம்."

எண்ணெய் என்றால் விலைதானே ஏறும், விற்பது எப்படி நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். தங்கச்சி கேட்டு ஒன்று செய்யாமல் இருப்பது சுலபமான உதவி இல்லையா?

வெள்ளிக்கிழமை நானும் மறுபடி போயிருந்தேன். மனைக்காரர் வந்தார். கூடவே வெள்ளை வேட்டியில் மனை வாங்குகிற இரண்டு பேர். ஏழுமலை குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தை உடைத்தார். கருகிய துணியும் வெளியே வந்தது.

மனைக்காரர் முகம் செத்துவிட்டது.

"எண்ணெயா? இன்னா சார், இத மொதல்லயே சொல்றது இல்லியா? எண்ணெய் இருக்குதுன்னு பேரு வந்துட்டா அந்த எடத்துல எவன் வூடு கட்டுவான்? நாளைக்கி எவனாவது பைப்பத் தூக்கிக்கினு வருவான். அப்புறம் போராட்டம், போலீசு, டிவிக்காரன். இந்த பேஜாரு நமக்கு எதுக்கு?"

"இல்லீங்க, ரேட்டு ஏறும் இல்ல..." என்று ஏழுமலை இழுத்தார்.

"யாருக்கு ஏறும்? பட்டா உங்க பேர்ல. அடியில இருக்கிற எண்ணெய் கெவுருமெண்டோடது. உங்களுக்கு மேல் மண்ணுதான்."

வெள்ளை வேட்டிகள் அதற்குள் காரில் ஏறியிருந்தன. புழுதி அடங்கும்வரை ஏழுமலை அங்கேயே நின்றார்.

வளைகுடாவில் நிலத்தடியில் எண்ணெய் என்றால் மாளிகை எழும்புகிறது. இங்கே வந்த மனைகூடத் திரும்பி ஓடுகிறது. வேடிக்கை இல்லையா? வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இதையே புலம்பினேன். சத்தார் பாய் திங்கட்கிழமை காரில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அங்க வெறும் மணலுங்க. தோண்டுனா யாரோட மல்லாட்டையும் போகல." பாய் எண்ணெயைப் பார்க்காதவர்தான். மணலைப் பார்த்தவர்.

அவசரப்பட்டுக் கிளம்பிய கதையைச் சொல்லிவிட்டேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். கார் போனதும் மல்லிகா டம்ளரில் மோர் கொண்டுவந்து ஏழுமலையிடம் நீட்டினாள். இன்ஜின் கதையை அவளே சொன்னாள். அவர் டம்ளரை வாங்கவில்லை.

"தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியா?"

"நீங்க கேக்கலியே."

"இதெல்லாம் கேக்கணுமா?"

"கொல்லைய விக்கிறதுக்கும்தான் என்ன ஒரு வார்த்த கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் என்று இருக்கிறேனே, நான் மட்டும் அவளைக் கேட்டேனா? ஏழுமலை கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டார். நான் மெல்லக் கழன்றுகொண்டேன்.

ஆக, அந்தக் கிணற்றில் எண்ணெய் இருந்தது உண்மை. அதுவும் இறக்குமதி எண்ணெய். எங்கிருந்தோ கப்பலில் வந்து, கெடார் இன்ஜினில் பாதி எரிந்து, பாதி ஒழுகியது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போயிருந்தேன். மனைக்காக வாரிய தூர் வீண் போகவில்லை, கிணற்றில் தண்ணீர் நன்றாக ஊறியிருக்கிறது. படலத்தை வைக்கோல் போட்டு ஒற்றி எடுத்துவிட்டார்களாம். மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைத்து, முளை எட்டிப் பார்க்கிறது. ஏழுமலை மடை திருப்பிக்கொண்டிருந்தார். எண்ணெய் என்ன ஆச்சு மாப்பிள்ளை என்று சீண்டினேன். அவர் காது கேட்காத மாதிரி அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். வரப்பில் நின்ற மல்லிகாதான் பதில் சொன்னாள்.

"மண்ணுக்கு அடியில எண்ணெய் வந்துக்கினுதாண்ணா இருக்குது. பங்குனியில வா, புடுங்கிக் காட்டறேன்."