பெரிய மாமாவுக்கு வந்த வலி

என்னோடு முழங்கால் போடுகிற எல்லாருக்கும், முக்கியமாக வயிற்றில் பிள்ளையோடு இதை வாசிக்கிற சகோதரிகளுக்கும், பாக்கியம் எழுதுகிறேன். தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடுகிற தகரக்கூரை ஜெபவீட்டைச் சேர்ந்தவள் நான். சாட்சி சொல்கிறவர்கள் கண்ணீரோடு ஆரம்பிப்பார்கள். நான் கோபத்தோடு ஆரம்பிக்கிறேன். அந்தக் கோபத்தைக் கர்த்தர் கேட்டார், பதிலும் கொடுத்தார்.

1962-ல், மழைக்காலத்தில் எனக்கு முதல் பிரசவம். என் வீட்டுக்காரர் ஆசீருக்கு மாட்டுங்காவில் பட்டறை வேலை. அந்த வேலையையும் நாங்கள் குடியிருக்கிற அறையையும் பிடித்துக் கொடுத்தவர் அவருடைய பெரியப்பா சாமுவேல். எனக்குப் பெரிய மாமா. எங்கள் ஜெபவீட்டில் அவர்தான் மூப்பர், தெருமுனையில் பலசரக்குக் கடையும் அவருக்குத்தான். அவர் உட்கார் என்றால் உட்காருவார் என் வீட்டுக்காரர், நில் என்றால் நிற்பார்.

வலி கண்டதும் தாதர் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை முகம் திரும்பிக் கிடக்கிறது, முதுகிலே வலி அதிகமாக இருக்கும், பிரசவம் இழுக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். மராத்திக்காரம்மா, முகத்தில் அடித்த மாதிரி பேசுகிறவர். வலியைக் குறைக்க ஓர் ஊசி இருக்கிறது, அடியோடு போகாது, ஆனால் நடுநடுவே கண் அயரலாம், தெம்பு மிஞ்சும் என்றார். போடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே உன் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று போனார்.

வராந்தாவில் பெரிய மாமா நின்றிருந்தார். அவர் குரல் எனக்கு உள்ளே கேட்டது.

"ஊசி கீசியெல்லாம் வேண்டாம்னு சொல்லுல ஆசீரு. ஏவாளுக்குக் கர்த்தர் சொன்னதை ஊசி போட்டு அழிக்கவா பாக்கிய? வேதனையிலதாம்ல பெறணும். நம்ம வீட்டுப் பொம்பளைய எல்லாம் அப்படித்தான் பெத்தாளுவ."

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். டாக்டரம்மாவுக்குத் தமிழ் புரியவில்லை, தலையாட்டல் புரிந்தது. "தக்லீஃப் இஸ்கோ ஹை, ஆப்கோ நஹி" என்றார். வேதனை இவளுக்கு, உங்களுக்கு இல்லையே என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகும் என் வீட்டுக்காரர் தலையாட்டலை மாற்றவில்லை. ஊசி போடாமலே விட்டார்கள்.

அந்தப் பிரசவத்தை முழுதாகச் சொல்ல மாட்டேன். அன்று மத்தியானம் தொடங்கியது மறுநாள் விடிந்த பிறகுதான் முடிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. நான் கத்தினேன். கர்த்தரைக் கூப்பிட்டேன், செத்துப்போன என் அம்மாவைக் கூப்பிட்டேன், கடைசியில் யாரையும் கூப்பிடாமல் வெறுமனே கத்தினேன். பையன் பிறந்தபோது அவனைக் கையில் வாங்க எனக்குத் தெம்பில்லை. அவன் முகத்தை மறுநாள்தான் சரியாகப் பார்த்தேன்.

எங்கள் சபையில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழித்து முதல் தடவை வரும்போது முன்னால் போய் முழங்கால் போடுவாள். மூப்பர் ஸ்தோத்திர ஜெபம் செய்வார். நானும் பையனோடு போய் முழங்கால் போட்டேன். பெரிய மாமா ஜெபத்தை முடித்துவிட்டுச் சபையைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம பாக்கியம் போட்ட சத்தத்துக்குத் தாதர் பக்கம் ஓடுற ரயிலே நின்னிருக்கும்" என்றார். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "எங்க வீட்ல ஏழு பெத்தா. ஒரு சத்தம் வெளிய வரல" என்று தன் மனைவியைக் காட்டினார். ஞானம்மா பெரியத்தை பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே என் ஜெபம் ஆரம்பமாகிவிட்டது. ஆண்டவரே, எனக்கு வந்த வலியைப் பெரிய மாமாவுக்கும் காட்டும். சாகடிக்க வேண்டாம். காட்டினால் போதும். இதுதான் ஜெபம். குழாயடி வரிசையில் நிற்கும்போது ஜெபித்தேன். அரிசி களையும்போது ஜெபித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேளை உபவாசமும் இருந்தேன். எதற்கு உபவாசம் என்று வீட்டுக்காரர் கேட்டார். பெரியப்பாவுக்காக என்றேன். அவருக்கு மனது நிறைந்துவிட்டது.

பழிவாங்குவது கர்த்தருடைய வேலை, நம்முடையது இல்லை என்பார்கள். சரிதான். அதனால்தான் நான் அவரிடம் கேட்டேன். வேறு யாரிடமும் போய்க் கேட்கவில்லையே.

மூன்று வருஷம் போல ஆயிற்று. பாகிஸ்தானோடு சண்டை நடந்து, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டச் சொன்ன அந்த வருஷம் நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன். தெரிந்த அன்று சந்தோஷம் வரவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறி ஊருக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். இந்தத் தடவை ஊசிக்குச் சம்மதித்தால்தான் ஆயிற்று என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்தப் பேச்சை எடுக்காத, பெரியப்பா மனசு கஷ்டப்படும்" என்றார். என் உடம்பு கஷ்டப்பட்டது அவர் நினைப்பில் இல்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் பெரிய மாமா மறுபடியும் ஏவாளை இழுத்தார். என்னை வைத்துக்கொண்டுதான் இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, ஒரு சந்தேகம். ஏவாளுக்கு வேதனைன்னா, ஆதாமுக்கு வேர்வைன்னுல்லா சொல்லியிருக்கு. வேர்வை சிந்தித்தான் சாப்பிடணும்னு. நீங்க கடையில ஃபேன் மாட்டியிருக்கியளே, அது எந்தக் கணக்குல?"

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பெரிய மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "அதிகப்பிரசங்கி" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரைக் கடைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் இவளுக்கு வாய் நீண்டுவிட்டது, இந்தத் தடவை வீட்டிலேயே பெறட்டும், கோவண்டியில் நம் ஊர் மருத்துவச்சி ஒருத்தி இருக்கிறாள், சொல்லி வைத்துவிட்டேன் என்றாராம். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். ஊசிக்கு ஆசைப்பட்டவளுக்கு ஆஸ்பத்திரியும் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆண்டவரே, இன்னும் எதற்குத் தாமதம் என்று கேட்டேன்.

எட்டாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெரிய மாமா வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார். விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. பிசாசு பிடித்த மாதிரி புரண்டார். டாக்ஸி கொண்டுவந்து ஏற்றினார்கள். பெரியத்தையோடு நானும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். உனக்கு என்னத்துக்கு இந்த அலைச்சல் என்றார் வீட்டுக்காரர். பெரிய மாமாவை இந்த நிலைமையில் விட முடியாது என்றேன். பாசத்தில் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கல் என்றார்கள். பெரிய மாமா போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. "ஏல ஆசீரு, என்னைக் கொன்னுருல" என்றார். "எம்மா, எம்மா" என்றார். ஊர்ப் பெரியவர்களுக்கே பஞ்சாயத்து சொன்ன மனுஷன், கட்டில் கம்பியைக் கடித்தார். நான் கால்மாட்டில் நின்று பார்த்தேன். கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை.

நர்ஸ் ஊசியோடு வந்தார். மலையாளத்துப் பெண், தமிழ் பேசினார். "என்ன ஊசி சிஸ்டர்?" என்று கேட்டேன். பெத்தடின் என்றார். "பிரசவத்துக்குப் போடுறதா?"

"அதேதான். வலிக்குள்ள மருந்து."

அதற்கு மேல் பேசியது ஞானம்மா பெரியத்தை. பெரிய மாமா இருக்கிற இடத்தில் அவர் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. நர்ஸ் மருந்துக் குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெரியத்தை கட்டில் ஓரம் வந்து குனிந்தார்.

"இங்கேருங்க. இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்னு சொன்னியள்லா, அதே ஊசி வந்திருக்கு. உங்களுக்கும் வேண்டாம்னு சொல்லிருதேன்."

"போடச் சொல்லுட்டி" என்று அலறினார் பெரிய மாமா.

"நான் ஏழு பெத்தேன். சத்தம் போட்டா அடிப்பியன்னு பயந்து துணியைக் கடிச்சுக்கிட்டு பெத்தேன். உங்களுக்கும் ஒரு துணி தரட்டா?"

"போடச் சொல்லு, போடச் சொல்லு."

"அப்போ பாக்கியத்துக்கு?"

"அவளுக்கும் போடட்டும். எல்லாவளுக்கும் போடட்டும். எனக்கு முதல்ல போடச் சொல்லுட்டி."

வார்டே கேட்டது. என் வீட்டுக்காரரும் கேட்டார். பெரியத்தை நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

பொய் சொல்ல மாட்டேன், என் வயிறு குளிர்ந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று நடந்தது. ஊசி வேலை செய்ய ஆரம்பித்ததும் பெரிய மாமாவின் கை தளர்ந்தது, புருவம் விரிந்தது. வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரி தூங்கிவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் முன்னைவிடப் பொங்கியது. இவ்வளவுதானா? ஒரு குத்து. இதையா எனக்கு இல்லை என்றார்கள்? இதைக் கொடுக்கவிடாமலா வாசலில் நின்று வேதம் பேசினார்கள்? அவர் வலியில் துடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. தூங்கியபோது வந்தது. பெரியத்தையும் அழுதார். நாங்கள் அவருக்காக அழுகிறோம் என்று பக்கத்துக் கட்டில்காரர் ஆறுதல் சொன்னார்.

கல் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு பெரிய மாமா பேச்சை மாற்றப் பார்த்தார். வலியில் மனுஷன் என்னமும் உளறுவான், அதெல்லாம் கணக்கில் வராது, மருத்துவச்சியை வரச் சொல்லு என்றார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த பெரியத்தை கரண்டியை வைத்தார்.

"பாக்கியம் வலியில கத்துனதை மட்டும் சபையில கணக்கு வச்சுச் சொன்னியளே?"

பெரிய மாமா தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். மருத்துவச்சி பேச்சு அத்தோடு நின்றது.

எனக்கு வலி கண்டது ஒரு வேலைநாள் காலையில். வீட்டுக்காரர் பட்டறையில் இருந்தார். பெரியத்தைதான் டாக்ஸி பிடித்து அதே தாதர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே புதிய நர்ஸ். ஊசி வேண்டும் என்றேன். புருஷன் எங்கே, அவர் சம்மதிக்க வேண்டாமா என்று கேட்டார். பெரியத்தைக்கு ஹிந்தி அரைகுறை. தமிழிலேயே சொன்னார்.

"அவ கேக்கா. அது போதாதா?"

நர்ஸுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அதே மராத்திக்காரம்மா. என்னைப் பரிசோதித்துவிட்டு, இப்போது போடலாம், இன்னும் தாமதித்துப் போட்டால் பிள்ளைக்கு மயக்கம் தட்டும் என்று தொடையில் போட்டார். குமட்டியது, தலை கிறுகிறுத்தது. வலி போகவில்லை. ஆனால் வலி ஓர் அறையிலும் நான் அடுத்த அறையிலும் இருந்த மாதிரி இருந்தது. நடுநடுவே தூங்கினேன். இயேசுவே ஸ்தோத்திரம் என்று சொல்ல எனக்கு வாயும் நினைவும் இருந்தன. முதல் தடவை கடைசியில் அவர் பெயரே மறந்துபோயிருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிள்ளை பிறந்ததும் உடனே அழவில்லை. மயக்கமாக இருந்தாள். நர்ஸ் உள்ளங்காலைத் தட்டினார், முதுகைத் தேய்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. பெரிய மாமா சொல்லப்போகிறதெல்லாம் காதில் கேட்டது. பிறகு அழுதாள். ஊரைக் கூட்டுகிற அழுகை. நான் கை நீட்டி அவளை வாங்கினேன். பிறந்த முகத்தைப் பிறந்தபோதே பார்த்தேன். இதைத்தான் என் பையன் விஷயத்தில் என்னிடமிருந்து பிடுங்கினார்கள்.

நாற்பது கழிந்து சபைக்குப் போனேன். பெரிய மாமா ஸ்தோத்திர ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். ஊசியின் பெயரைச் சொன்னேன். மூப்பருக்குப் போட்ட அதே ஊசி என்றும் சொன்னேன். ஆண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது எங்கள் தெருவில் யாருக்கு வலி கண்டாலும் என்னையும் பெரியத்தையையும் கூப்பிடுகிறார்கள். கூடப் போகிறோம். ஊசி வேண்டும் என்கிறவளுக்காகக் கேட்கிறோம். வேண்டாம் என்கிறவளை வற்புறுத்துவதில்லை. அவள் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வராந்தாவில் நிற்கிறவர் சொன்னால் எங்களுக்குக் காது கேட்காது.

சகோதரிகளே, மனசு ஆறட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள். ஆளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார்.

பெரிய மாமாவுக்கு மறுபடியும் கல் இருக்கிறதாம். அவருக்காக ஜெபிக்கும்படி போன கூட்டத்தில் கேட்டுக்கொண்டார்கள். நானும் முழங்கால் போட்டேன். வலி வந்தால் அவருக்கு ஊசி சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஜெபித்தேன். வலி வரக் கூடாது என்று மட்டும் கேட்கவில்லை.