இரவல் சங்கிலி

அந்தச் சங்கிலியை நான்தான் கழற்றிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. முதலில் செய்துவிட்டுப் பிறகு குந்தியிருந்து அழுவது என் குணம்.

நோர்வேயில், ஹொல்ம்லியா என்ற இந்த ஊரில் நாங்கள் ஒரு குழுவாக இருந்தோம். குழு என்றதும் பெரிதாக ஏதும் நினைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற நோர்வேஜிய ஆசிரியை ஒருவர், டாக்ஸி ஓட்டும் சோமாலியர் ஒருவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நான், பாடசாலைப் பெற்றோர் ஏழெட்டுப் பேர். செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயத்தின் கீழ் அறையில் கூடுவோம். இந்த நாட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளை, தாய் தகப்பனின் வழக்குத் தோற்றதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள், சட்டத்தை மாற்றுங்கள் என்பது எங்கள் கோரிக்கை. ஆசிரியை வாபிள் என்கிற இனிப்பு அப்பம் சுட்டுக்கொண்டு வருவார். அதன் மேல் நான் சம்பல் வைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நாங்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்ததே ஒருத்திக்காகத்தான். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். கணவனை விசாரணை என்று கூட்டிப்போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. கைக்குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தாள். அந்தக் குழந்தை அதற்குள் நாலாம் வகுப்புக்கு வந்திருந்தாள். தாயோடு தமிழிலும், தனக்குள் பேசும்போது நோர்வேஜிய மொழியிலும் கதைப்பாள். அகதி விண்ணப்பமும் மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டு, கடைசியாக ஒருமுறை மீளாய்வு கேட்டு எழுதியிருந்தோம். அது சரிவந்தால் இருவரும் இங்கே இருப்பார்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு காலையில் பொலிஸ் வரும்.

இருவரையும் இங்கேயே விடச்சொல்லும் மனுவுக்கு, பெப்ரவரிக் குளிரில் ரயில் நிலைய வாசலில் நின்று கையெழுத்து வாங்கினோம். பேனை உறைந்து எழுதாது. கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கி நீட்டுவோம். சனம் நின்று, கேட்டு, கையெழுத்து வைத்தது. எனக்கு அந்த நாட்களில் இந்த ஊரின் மேல் பெரிய அன்பு வந்திருந்தது.

அப்போதுதான் அவளைப் படம் எடுத்து எழுத உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வருகிறோம் என்றார்கள். “எப்போதும்போல இருக்கட்டும். சமையலறை மேசை, மகளின் வீட்டுப்பாடம், அவ்வளவு போதும்” என்று ஆசிரியை என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது.

அன்று ஒரு மணித்தியாலம் முந்தியே அவள் வீட்டுக்குப் போனேன். நிறம் வெளுத்த ஒரு ஸ்வெட்டரோடு இருந்தாள். தாலிக்கொடியை விற்றுத்தான் புறப்பட்டு வந்தவள். கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை.

“இப்பிடியே பேப்பரிலை நிக்கப் போறீரோ?”

“இது போதும் அக்கா. வீட்டில இருக்கிற மாதிரித்தான் வேணும் எண்டாங்க.”

“அவையளுக்கு என்ன தெரியும்? படத்தை ஊரிலையும் பாப்பினம். மனுசன் வருவார் எண்டெல்லே காத்திருக்கிறீர். வெறுங்கழுத்தோடை நிக்கக்கூடாது.”

அந்தச் சொல் அவளை எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது. நான் என் பதக்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். பையில் கொண்டுபோன பட்டுச்சேலையை உடுத்திவிட்டேன். வீட்டுக்கு ஆட்கள் வரும்போது மேசை வெறுமையாக இருக்கலாமா? அதிகாலையிலேயே எழும்பிச் சுட்ட ரோல்ஸ், வடை, கேசரி எல்லாவற்றையும் பரப்பினேன். படம் எடுக்க வந்தவர் மூக்கு முட்டச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு அவளை அந்த மேசைக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்தார். அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

ஹவுகெட்டோவிலிருந்து வரும் ரயில் பிந்தியதால் அப்போதுதான் வந்துசேர்ந்த ஆசிரியை வாசலில் நின்று மேசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னேரமே அவள் சங்கிலியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டாள்.

படம் அழகாகத்தான் வந்தது. இணையத்தில் அதன் கீழே எழுதியவர்களின் கண்ணுக்கு அந்தச் சங்கிலி மட்டும்தான் தெரிந்தது. இவள் அகதியா, என் மனைவியிடம்கூட இவ்வளவு தங்கம் இல்லையே என்கிற மாதிரிப் பேச்சு. சனிக்கிழமை ரயில் நிலையத்தில் பேனையைக் கையில் எடுத்த பெண் ஒருத்தி, யாருக்காக என்று கேட்டுவிட்டு அதைத் திருப்பித் தந்தாள். அந்தத் தங்கக்காரியா என்று கேட்டான் இன்னொருவன். “அது என்னுடைய சங்கிலி!” என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். அவனுக்கு ரயில் வந்துவிட்டது, போய்விட்டான். அதன்பிறகு பேனையைச் சூடாக்கவேண்டிய தேவையே பெரிதாக இருக்கவில்லை.

மீளாய்வும் நிராகரிக்கப்பட்டது. ஆசிரியை கடிதத்தை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். சங்கிலியைப் பற்றியோ படத்தைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. “உன்னால் இல்லை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நம்பத்தான் ஆசை. ஆனால் அந்தக் கையெழுத்துகள் நிற்காமல் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யாராலும் எனக்குச் சொல்ல முடியாது.

மே மாதத்தில் ஒரு காலை ஆறு மணிக்குப் பொலிஸ் வந்தது. பதினேழாம் தேதி, இந்த நாட்டின் தேசிய தினத்தில் பிள்ளைகள் போகும் ஊர்வலத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அடுத்த நாளே சோமாலியர் தன் டாக்ஸியில் என்னை ஏற்றிக்கொண்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடுப்பு முகாமுக்குப் போனார். பத்திரிகையில் வந்த அந்தப் பக்கத்தை மடித்து என் கைப்பையில் வைத்திருந்தேன். அதை அவள் முன்னால் வைத்து, என்னாலைதான் எல்லாம், என்னை மன்னித்துவிடும் என்று சொல்வதாக இருந்தேன்.

பார்வையாளர் அறையில் மகள் ஊர்வலத்துக்கு வாங்கிய வெள்ளைச் சப்பாத்தோடு இருந்தாள். விட்டுவிட்டு வர மனமில்லையாம். தாய் என் கையைப் பிடித்து இருத்தினாள். நான் வாய் திறக்க முதல் அவளே கேட்டாள்.

“அக்கா, அந்தப் பேப்பர் உங்களிட்ட இருக்கா?”

“என்னத்துக்கு?”

“ஊரில அம்மாக்குக் காட்டணும். இவ்வளவு வருசமும் அங்க என்ன செஞ்ச எண்டு கேப்பா. நான் நல்லா இருந்தன் எண்டு காட்ட என்னட்ட வேற படம் ஒண்டும் இல்ல.”

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நிமிர்த்தினாள். முகத்தின் மேல் மடிப்பு விழாதபடி வேறு மாதிரி மடித்து, மகளின் பாடசாலைப் பைக்குள் இருந்த கணக்குக் கொப்பிக்குள் வைத்தாள். மன்னிப்புக் கேட்கப் போனவள் கேட்காமலே எழும்பி வந்தேன். கேட்டிருந்தால் அந்தப் படத்தையும் அவளிடமிருந்து பறித்திருப்பேன்.