ஆடியில் வந்த அலாட்மென்ட்

என் மனைவிக்கு இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. சித்தையன்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். திண்டுக்கல்லில் ஒரு பஸ், செம்பட்டியில் இறங்கி இன்னொரு பஸ். அவள் நல்ல காலைப் படியில் வைத்து மற்றதை இழுப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். "ஏம்மா, செத்த வெரசா ஏறக் கூடாதா?" என்று பின்னால் நிற்பவர்கள் வேறு. சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அதையெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அதற்காகத்தான் கார். பவுசுக்கு இல்லை. உரக்கடையைத் திறக்குமுன் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாம், சாயங்காலம் போய்க் கூட்டிவரலாம். அந்த நாளில் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். மூன்று வருஷம் காத்துக் கிடந்தோம். ஷோரூமிலிருந்து அலாட்மென்ட் கடிதம் வந்தபோது ஆடி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"ஆடியாவது ஆவணியாவது, போய் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

போனேன். வெள்ளைக் கார், சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. கதவைத் திறந்து அவள் உட்காரப் போகும் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். வண்டி யாருக்காக என்று பதியும்போதே அவரிடம் சொல்லியிருந்தேன். நெற்றி நிறையத் திருநீறு.

"சார், நான் சொல்லக் கூடாது. ஆடியிலயா புது வண்டி எடுப்பீக? அதுவும் டீச்சரம்மா ஏறிப் போற வண்டி."

எனக்குப் பெரிய நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் ஆடியில் விளக்குமாறுகூடப் புதிதாக வாங்க மாட்டார்கள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது வந்ததுதான், போகவில்லை.

"வண்டி எங்க போகப் போவுது? இந்த மாசம் எடுக்க முடியலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் ஓரமா நிப்பாட்டி வைக்கேன்."

பேப்பரும் பேனாவும் அவரே கொடுத்தார். வாசகத்தையும் அவரே சொன்னார். கையெழுத்துப் போட்டதும் காபி வரவழைத்தார். அந்தக் காபியை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"எழுதியா குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள் வீட்டில்.

ஆவணியில் அவள் லீவு போட்டாள். மாலையும் நாலு எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். ஓரத்தில் வண்டி இல்லை. மேனேஜர் என்னை முன்பின் பார்த்திராதவர் மாதிரி பைலைப் புரட்டி, என் கடிதத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதான? எடுக்க முடியலைன்னு நீங்களே எழுதிட்டீக. ஒங்க முறை போயிருச்சு சார். இனி அடுத்த லாட்ல பாப்போம்."

ஆவணியில் எடுத்துக்கொள்கிறேன் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் கத்தினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். உட்காரம்மா என்று ஒரு நாற்காலியை நகர்த்திப் போட அந்தக் கடையில் ஆள் இல்லை.

வெளியே வந்தபோது வாட்ச்மேன்தான் சொன்னார். "அந்த வெள்ள வண்டிதான? பழனியில லாட்ஜ் வச்சிருக்கவரு எடுத்துட்டுப் போயிட்டாரே. நீங்க வந்துட்டுப் போன மறுவாரமே."

"ஆடியிலயா?"

"ஆமா சார். மேனேஜர்தான் பூசணிக்கா ஒடச்சு அனுப்பி வச்சாரு."

லாட்ஜ்காரர் என்ன கொடுத்தாரோ, யார் சொல்லி வந்தாரோ, ஆடி அவரை ஒன்றும் செய்யவில்லை. பயமுறுத்த என்னைப் போல ஒரு மடையன் போதும் என்று அந்த மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது. மனு எழுதிப் போட்டேன், மேலிடத்துக்கும் எழுதினேன். பதில் வரவில்லை.

ஐப்பசியில் அடைமழை. செம்பட்டியில் பஸ் படி வழுக்கி, ஏறும்போதே விழுந்தாள். விழுந்த பிறகும் பஸ் நாலடி நகர்ந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள். இனிமேல் நின்றுகொண்டு பாடம் நடத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராஜினாமாக் கடிதத்தை அவளே எழுதினாள். அதே இரண்டு பஸ் மாறிப் போய் நான்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

பங்குனியில் கார் வந்தது. வெள்ளை இல்லை, சாம்பல் நிறம். அதே மேனேஜர் பல்லெல்லாம் தெரிய சாவியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டு வாசலில் நிறுத்தி, முன்கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டேன். நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எங்க போறதுக்குங்க?"